எந்த வழியாக வந்தது?

வடிகட்டிப் பேர்வழியை உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தேயிலைச் சாயத்தை வடிகட்டுகிறவரைச் சொல்லவில்லை; அவர் உபகாரி, அவர் நன்றாக இருக்கட்டும். நான் சொல்கிறவர் ஆட்களை வடிகட்டுகிறவர். நீங்கள் ஒரு தட்டில் தொதல் கொண்டுபோய் நீட்டினால், ஒரு துண்டு தின்று பார்த்து இனிக்கிறதா இல்லையா என்று சொல்வது மனித இயல்பு, இவரோ தட்டைத் தொடாமல், "யாரு வீட்டுது?" என்பார், பக்கத்து வீட்டுது என்றால், "அவங்களுக்கு யாரு குடுத்தா?" என்பார், உக்குவளையிலிருந்து வந்தது என்றால், "உக்குவளையில எந்தப் பக்கம்?" என்பார், இப்படியே கேட்டுக் கேட்டுத் தொதல் கிண்டிய சட்டி வரைக்கும் போய், அந்தச் சட்டியை இரவல் கொடுத்தவளின் மாமியாரோடு தமக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு என்பது ஞாபகம் வந்ததும், "வேணாம், எடுத்துக்கிட்டுப் போங்க" என்று முடித்துவிடுவார். தொதல் அருமையான தொதல். நான்தான் தின்றேன்.

இந்த இனத்துக்குப் பொருள் ஒரு பொருட்டே அல்ல. அது வந்த வழிதான் முக்கியம். மழை வருகிறது, குடையை எடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

"யாரு சொன்னா?"

"ரேடியோவுல சொன்னாங்க."

"ரேடியோக்காரனுக்கு யாரு சொன்னா?"

அதற்குள் அவர் தெப்பமாக நனைந்திருப்பார். ஆனாலும் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும் பாருங்கள், கண்டவன் பேச்சைக் கேட்டுக் குடை பிடிக்கவில்லை என்கிற திருப்தி! அதற்கு நாம் என்ன மருந்து கொடுக்க முடியும்?

சாதாரணமாக இவர்கள் கோயில் கமிட்டியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் தாம் உண்டு, தம் சந்தேகம் உண்டு என்று காலம் தள்ளுவார்கள். ஊருக்குப் பெரிய சேதம் இல்லை. ஆனால் ஆண்டவனுக்கும் சில நாளில் விளையாட்டுப் புத்தி வருமில்லையா? அப்படி ஒரு நாளில்தான் அவர் இந்த இனத்தின் தலைமகனாகிய அருள்மணியைப் பிடித்து, மாத்தளை டவுனில் எங்கள் இன்டர்நெட் கம்பெனியின் ரவுட்டருக்கு முன்னால் உட்கார வைத்தார்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கில் சண்டை மும்முரம். இங்கே சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைக்க வேண்டாம். ஒரு மிளகுக் கடைக்கு மேல் மாடி. தும்மாமல் வேலை செய்யப் பழக ஆறு மாதம் பிடிக்கும். கொழும்பிலிருந்து இரண்டு பெரிய கம்பெனிகளிடம் லைன் வாங்கி, டவுனிலும் பல்லேபொல பக்கத்திலும், காசு கொடுத்து போன் பேசவும் இன்டர்நெட் பார்க்கவும் உள்ள கொமியுனிகேஷன் கடைகளுக்குப் பிரித்துக் கொடுப்போம். அருள்மணி பெரியவர், நான் அவருக்குக் கீழே. கடைகளுக்குப் போய் வயரைப் பிடுங்கி மறுபடி குத்துகிற உத்தியோகம் என்னுடையது.

இன்டர்நெட் ஆகாயத்தில் இருக்கிறது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். உலகத்திலுள்ள பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் ஆளுக்கு ஓர் எண் உண்டு. கட்டாரிலுள்ள ஒரு கொம்பியூட்டருக்கு மாத்தளையிலிருந்து போக வேண்டுமானால், எந்தெந்த எண்காரரைத் தாண்டிப் போக வேண்டும் என்று ஒரு வழி எங்களுக்கு வந்து சேரும், பஸ்ஸின் நெற்றிப் பலகையில் ஊர்ப்பெயர்கள் எழுதியிருப்பதுபோல எண்கள் வரிசையாக எழுதியபடி. ரவுட்டர் அதைப் படித்துப் பார்த்து வழியை வைத்துக்கொள்ளும். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் தள்ளிவிடும். எது வேண்டும், எது வேண்டாம் என்று அதற்குச் சொல்லிக் கொடுப்பதுதான் அருள்மணியின் வேலை. அதாவது, ஒவ்வொன்றும் யார் யார் வழியாக வந்தது என்று நாள் முழுக்க விசாரிப்பதற்கு அவருக்குச் சம்பளம்! மனுஷன் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மாட்டார்.

சொல்லிக் கொடுப்பதற்கு ஒரு பாஷை இருக்கிறது. பார்த்தால் கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஒரு தொப்பிக் குறி போட்டால் 'இதில் தொடங்குவது' என்று அர்த்தம். டொலர்க் குறி போட்டால் 'இதில் முடிவது'. ஒரு புள்ளி வைத்தால் 'யாராக இருந்தாலும் சரி'. அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வைத்தால் 'எத்தனை பேராக இருந்தாலும் சரி'. ஆயிரமாயிரம் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சின்னதாக ஒரு வரி எழுதினால் போதும், அந்தச் சாயலில் உள்ளதெல்லாம் ஒரே வெட்டில் போய்விடும்.

"ஆளுக்காள் விசாரிச்சிக்கிட்டு இருந்தா விடிஞ்சிரும் தம்பி," என்பார் அருள்மணி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "சாயலைப் புடிக்கணும். சாயலைப் புடிச்சிட்டா ஆளைப் பாக்கவே தேவையில்ல."

ரவுட்டரோடு இதை நிறுத்தியிருந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன்? அவருக்கு ஜெசிந்தா என்று ஒரு தங்கை. எல்கடுவ பக்கம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலை பஸ்ஸில் மேலே போய்ப் பின்னேரம் இறங்கி வருவாள். சுபாவம் தங்கம், வாய் மட்டும் கொஞ்சம் பச்சை மிளகாய். அப்பா இல்லாத வீடு. வருகிற வரனையெல்லாம் பார்க்கிற பொறுப்பு அண்ணனுடையது. பொறுப்பை அவர் எப்படி நிறைவேற்றினார் என்கிறீர்கள்? அதே கோழி கிளறிய பாஷையில்தான். நாகமுத்து தரகரில் தொடங்குகிற வரனா? தள்ளு. பல்லேகமவில் முடிகிற சொந்தமா? தள்ளு, அங்கே எவனோ ஒருவன் ஒரு காலத்தில் இவருக்குப் பழுதான மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டான். நடுவில் ஓர் அத்தை யாருக்கும் சொல்லாமல் ஓடிப்போய்க் கல்யாணம் செய்திருக்கிறாளா? அதற்கப்புறம் வந்த தலைமுறையெல்லாம் மொத்தமாகத் தள்ளு! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி எங்கள் மாடியில்தான் இருந்தார். ஜெசிந்தாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. அவளுடைய தாய் மரியாயி, மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்திக் கொளுத்தி, மெழுகுதிரிக் கடைக்காரனின் மகளுக்குத்தான் கல்யாணம் ஆனது.

ஒரு நாள் அருள்மணி கொழும்புக்குப் போய்விட்டுக் கொதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வழியில் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி, அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததுமே இறக்கிவிட்டார்களாம். வெயிலில் ஓரமாக நிற்க வைத்து, பஸ்ஸும் போய்விட்டதாம்.

"பேரப் பாத்தான், எறங்குன்னான்! நான் யாரு, எவரு, என்ன வேல செய்றேன், ஒண்ணு கேக்கல. ஆளைப் பாக்க வேணாமா தம்பி?"

"பாக்கத்தான் வேணும் சார்."

"எல்லாரும் ஒரே மாதிரியா? என்ன நியாயம் இது?"

நியாயமில்லைதான், எனக்கும் அந்த அனுபவம் உண்டு. ஆனால் அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே பின்னேரம், தங்கைக்கு வந்திருந்த ஒரு நல்ல பையனின் விவரத்தை எடுத்து, "வவுனியா வழியா வந்த குடும்பம், வேணாம்" என்று தள்ளினாரே, அதை என்னவென்று சொல்வது? எழுபத்தேழாம் வருஷக் கலவரத்தில் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தைக் கொளுத்தியபோது உயிர் தப்ப வவுனியாவுக்கு ஓடி, பிறகு திரும்பி வந்த குடும்பம் அது. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் விக்கல் எடுக்கும், எனக்கு எடுத்தது.

இப்படியிருக்க, எப்படியோ ஒரு வரன் எல்லா வடிகட்டியையும் தாண்டி வந்துவிட்டது. பையன் பெயர் இஞ்ஞாசி. எல்கடுவ தோட்டத்து லயத்தில் பிறந்து, கட்டாரில் ஒரு ஹோட்டலில் ஸ்டோர்கீப்பர். செய்தியைக் கொண்டுவந்தவர் பங்குச் சுவாமியார். சுவாமியாரிடம் சொன்னவர் பையனின் தாய் மதலேனம்மா. நடுவில் ஒரு ஈ காக்கை இல்லை. அருள்மணி ஒரு வாரம் தேடியும் பிடிமானம் கிடைக்கவில்லை. "வழி சுத்தமாத்தான் இருக்கு," என்று ஏதோ நஷ்டப்பட்டவர் மாதிரி ஒப்புக்கொண்டார்.

பையனுக்கு அங்கே வேலை ஒப்பந்தம் முடிகிற நேரம். கல்யாணம் நிச்சயமானால் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வருவான். இல்லாவிட்டால் அடுத்த கிழமையே கையெழுத்துப் போட்டு இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், திருகோணமலை வீதியில் ரவூப் நானாவின் கொமியுனிகேஷனில், கெமரா வழியாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் முகம் பார்த்து இரண்டு வார்த்தை பேசுவது, பிடித்திருந்தால் மதலேனம்மா அங்கேயே வாக்குக் கொடுப்பது என்று ஏற்பாடு. ஜெசிந்தாவுக்குப் பிடித்துப்போய்விட்டது என்று அவள் சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். அந்தக் கிழமை முழுக்க அவள் அண்ணனோடு சண்டை போடவில்லையே!

அதே கிழமைதான் எங்கள் லைனில் குப்பை வந்து கொட்டத் தொடங்கியது. கைக்கடிகாரம் வேண்டுமா, தலைமுடி வேண்டுமா, வாலிபம் வேண்டுமா என்று கடைக்காரர்களுக்கெல்லாம் கடிதத்துக்கு மேல் கடிதம். அருள்மணி தேடிப் பார்த்து, ஐம்பத்தேழாம் எண்காரர் வழியாகத்தான் இது வருகிறது என்று கண்டுபிடித்தார். (எண்ணை மாற்றித்தான் சொல்கிறேன், உண்மையான எண்காரர் சண்டைக்கு வந்தால் யார் பதில் சொல்வது?) ஐம்பத்தேழைத் தொட்டு வருகிற எந்த வழியும் வேண்டாம் என்று ஒரு வரி எழுதினார். நல்ல காரியம்தான். ஆனால் அப்படி எழுதும்போது எண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒரு சின்ன வேலி போட வேண்டும், இந்த எண் மட்டும்தான், இதற்கு முன்னும் பின்னும் வேறு இலக்கம் ஒட்டியிருக்கக் கூடாது என்று. வேலி இல்லாவிட்டால், வயிற்றில் ஐம்பத்தேழு உள்ள எல்லா எண்ணும் மாட்டிக்கொள்ளும். இரண்டாயிரத்து ஐந்நூற்று எழுபத்தொன்றும் போச்சு, ஐயாயிரத்து எழுநூறும் போச்சு. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். அருள்மணி வேலி போடவில்லை. அவசரம் என்று பிறகு சொன்னார். எனக்கென்னவோ, வாழ்நாளில் வேலி போட்டுப் பழகாத கை என்றுதான் படுகிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரவூப் நானா கெமராவை உடுத்திருந்த சாரத்தின் ஓரத்தால் துடைத்து வைத்து, கேக்கும் பிளேன்டீயும் ஆயத்தம் செய்திருந்தார். ஜெசிந்தா நீலச் சேலை, பக்கத்து நாற்காலியில் அருள்மணி. மதலேனம்மா காலை பஸ்ஸில் இறங்கி வந்து, கைப்பையை மடியில் வைத்தபடி நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். லைன் மக்கர் பண்ணினால் என்ன செய்வது என்று என்னையும் ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

கொம்பியூட்டரில் முதலில் எழுத்து வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். ரவூப் நானா உரக்க வாசித்தார். "வந்துட்டேன் அம்மா. எல்லாரும் சுகமா? கெமராவைப் போடுங்க."

போட்டோம். அந்தப் பக்கம் அவனும் போட்டான். கறுப்பு. மறுபடி போட்டோம். கறுப்பு. எழுத்து வருகிறது, முகம் வரவில்லை. காரணம் இப்போது எனக்குத் தெரியும்: எழுத்து அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு வருகிறது, அந்த வழியில் வடிகட்டி இல்லை, முகம் கட்டாரிலிருந்து நேரே வர வேண்டும், அந்தக் கட்டார்க் கம்பெனியின் எண்ணின் வயிற்றில் ஐம்பத்தேழு. அப்போது யாருக்குத் தெரியும்? நான் வயரைப் பிடுங்கிக் குத்தினேன். ரவூப் நானா கொம்பியூட்டரின் தலையில் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

"எங்கட லைன் சும்மா பாயுது தம்பி," என்றார் ரவூப் நானா. "காலையில துபாய்க்குப் பேசினாங்க, லண்டனுக்குப் பேசினாங்க. கட்டார் மட்டுந்தான் வருதில்ல."

மெதுவாக நான் கேட்டேன்: "சார், வியாழக்கிழமை ஒரு வரி போட்டீங்களே..."

அருள்மணி என்னைப் பார்த்த பார்வையில் பிளேன்டீ ஆறிப்போயிற்று. "நான் போட்டதுல பெழையா? எதுல வேல பாக்குறோம்னு தெரிஞ்சி பேசு தம்பி." பிறகு நாற்காலியில் சாய்ந்து, அந்தப் பழைய திருப்தியோடு தீர்ப்புச் சொன்னார். "எழுத்து வருது, மொகம் வரல. என்ன அர்த்தம்? மொகத்தைக் காட்டப் பயப்படுறான். இந்தச் சாயல்ல எத்தனை பேரப் பாத்திருக்கேன்!"

மதலேனம்மாவுக்குச் சுருக்கென்றது. "என்னாங்க பேசுறீங்க? எம் மகன் அங்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்கான். கம்பெனியும் ஒங்களோடது, லைனும் ஒங்களோடது. பொண்ண எம் மகன்கிட்டக் காட்டக் கூடாதுன்னு நீங்கதான் என்னமோ பண்றீங்க. அவனுக்குத் தெரியக் கூடாத கொறை ஏதும் இருக்கா?"

"எங்க வீட்டுப் பொண்ணுக்குக் கொறையா?"

"அப்ப எம் மகனுக்கு மட்டும் கொறையோ?"

கொம்பியூட்டரில் எழுத்து வந்தது. ரவூப் நானா தயங்கித் தயங்கி வாசித்தார்: "ஒண்ணும் தெரியல. நேரம் போகுது, டியூட்டி இருக்கு. விருப்பமில்லைன்னா சொல்லிருங்க, நான் கையெழுத்துப் போட்டுர்றேன்."

மதலேனம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "போறேன் நானா. பதினொரு மணி பஸ் இருக்கு." அருள்மணி தடுக்கவில்லை. இன்னொரு வரன் தள்ளப்பட்டது, அவ்வளவுதானே? மனசுக்குள் என்ன குறி போட்டாரோ, தொப்பியோ, டொலரோ.

அப்போதுதான் ஜெசிந்தா எழுந்தாள்.

"அண்ணே, அந்தக் கட்டார் லைனை மூடினது நீங்கதானே?"

"நான் எதுக்கு..."

"எனக்குக் கொம்பியூட்டர் தெரியாது. ஒங்களத் தெரியும். இத்தனை வருசமா என் வாசலுக்கு வந்ததையெல்லாம் மூடினது யாரு? லண்டன் வருது, துபாய் வருது, எனக்கு வர வேண்டியது மட்டும் வரலைன்னா, வேற யாரு மூடியிருப்பா?" கண்ணில் தண்ணீர் நின்றது, குரலில் இல்லை. "தள்ளி இருங்க அண்ணே. அம்மா, நீங்க ஒரு நிமிசம் இருங்க. நானா, எழுத்து போகுதுல்ல? அது எனக்குப் போதும்."

உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினாள். ரவூப் நானா பழக்க தோஷத்தில் அதையும் உரக்க வாசித்துக்கொண்டே போனார், கடை முழுக்கக் கேட்டது. "நான் ஜெசிந்தா. லைன்ல கோளாறு எங்க பக்கம். செஞ்சது எங்க அண்ணன். எனக்குச் சம்மதம். ஒங்களுக்கு?"

யாரும் மூச்சு விடவில்லை. ரவூப் நானா, "யா அல்லாஹ்" என்று தொப்பியைச் சரி செய்தார். பதில் வர எவ்வளவு நேரமானது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது ஜெசிந்தாவின் விரலை, அது மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

பிறகு வந்தது. ரவூப் நானா வாசித்தார், இந்த முறை தயங்காமல்: "போன லீவுல எல்கடுவ பஸ்ல ஒங்களப் பாத்துட்டுத்தான் அம்மாவைச் சுவாமியார்கிட்ட அனுப்பினேன். கண்டக்டர்கிட்ட மிச்சக் காசுக்குச் சண்டை போட்டீங்க. எனக்கு அப்பவே சம்மதம். அம்மா பக்கத்துலதானே இருக்காங்க? அவங்க பாத்தாச் சரி."

மதலேனம்மா நின்ற இடத்தில் நின்று ஜெசிந்தாவைப் பார்த்தார். நேருக்கு நேர், கெமரா இல்லாமல். "நேர்லயே இருக்கிற புள்ளையப் பாக்கவா இந்த மிசினு?" என்று கைப்பையை ஸ்டூலில் போட்டுவிட்டு அவள் கன்னத்தைத் தடவினார். "லீவு எழுதச் சொல்லுங்க நானா." கேக்கை முதலில் எடுத்தவன் நான். அழுகை வருகிற நேரத்தில் வாயில் ஏதாவது இருப்பது நல்லது.

திங்கட்கிழமை காலை அருள்மணி யாருக்கும் சொல்லாமல் வேலியைப் போட்டார். கேட்ட கடைக்காரருக்கெல்லாம், "கொழும்புல லைன் பழுது" என்றார். கல்யாணம் கிறிஸ்மஸுக்கு முன்பே நடந்தது. பந்தியில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் அவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறீர்கள்? "எத்தனை வரன் வந்திச்சி தெரியுமா? நான் வடிகட்டி வடிகட்டி வச்சதாலதான் இப்பிடி ஒரு மாப்பிள்ளை கெடைச்சான்!" இந்த இனம் திருந்தாது. சோற்றில் கல் இருந்தாலும் அது தாம் வடிகட்டிய கல் என்று பெருமைப்படும்.

போகட்டும், நமக்கென்ன. கல்யாணமும் நடந்தது, பந்தியிலும் குறையில்லை, கதையும் முடிந்தது. ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று. ஜெசிந்தாவைக் கேட்டு, அருள்மணியால் தள்ளப்பட்ட வரன்களில் அடியேனும் ஒருவன்.

"ஓகோ, அதானே பார்த்தேன்! பெண் கிடைக்காத வயிற்றெரிச்சலில் எழுதியிருக்கிறான், இதில் பாதி பொய்யாகத்தான் இருக்கும்" என்று இப்போது மனசுக்குள் சொன்னீர்களே, அது எனக்குக் கேட்டது. இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். ஜெசிந்தா தட்டியபோது நீங்களும் மூச்சைப் பிடித்தீர்கள். எழுதியதில் ஓர் எழுத்து மாறவில்லை. யார் வழியாக வந்தது என்று தெரிந்தது, உடனே தட்டைத் தள்ளிவிட்டீர்கள்! கோபித்துக்கொள்ளாதீர்கள். அருள்மணிக்கு வயதாகிவிட்டது, மிளகுக் கடை மாடியில் அவருடைய நாற்காலிக்கு ஆள் தேடுகிறார்கள். உங்களைவிடப் பொருத்தமானவர் மாத்தளை மாவட்டத்திலேயே கிடையாது, தாராளமாகப் போய்க் கேளுங்கள். யார் சொல்லி வந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். தயவுசெய்து என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.